காப்புக் கட்டிய கையோடு கோட்டயம்

என் அம்மாவின் கழுத்தில் கட்டி இருந்ததை நாங்கள் வெகுகாலம் நோயாகவே நினைக்கவில்லை. ஏலப்பாறைப் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கழுத்து வீங்கிய பெண்கள் நாலைந்து பேர் எப்போதும் இருந்தார்கள். சிலருக்கு மூக்கு நீளம், சிலருக்குக் கழுத்து அப்படி என்று விட்டுவிடுவோம். அம்மாவுக்கு அது முதலில் நெல்லிக்காய் அளவு. எனக்குக் கல்யாணமானபோது எலுமிச்சை. என் மகள் செல்வி இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் அது நல்ல மாங்காய் பருமனுக்கு வந்து, ரவிக்கைக் கழுத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டது.

அம்மாவின் பெயர் சொர்ணம். பன்னிரண்டு வயதில் தன் அப்பாவோடு சங்கரன்கோயில் பக்கமிருந்து மலையேறி வந்தவள். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தாள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். ஒற்றை ஆளாக நின்று என்னைப் படிக்கவைத்து, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக்கினாள். அதைப் பெருமையாக யாரிடமும் சொல்லமாட்டாள். "பாக்கியத்துக்குக் கூடை சுமக்க உடம்பு வளையாது, அதான் பள்ளிக்கூடத்துல போட்டுட்டேன்" என்பாள். என்னைக் கொஞ்சியதாக எனக்கு நினைவே இல்லை. கண்ணே மணியே என்பதெல்லாம் பாட்டில்தான் வரும். பாட்டு முடிந்த மறுநிமிஷம், "ஏட்டி, உலை பொங்குது பாரு" என்றுதான் வரும்.

ஆனால் பாட்டு என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மைல் நடந்து பஜாருக்குப் போவாள், டீக்கடை ரேடியோ கேட்க. பெண்பிள்ளை கடைக்குள் உட்காரக் கூடாது என்று ரோட்டோரத்தில் நிற்பாள். டீயும் வாங்கமாட்டாள். கடைக்காரர் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார். பிறகு ரேடியோவை எடுத்து ரோட்டைப் பார்க்க வைத்துவிட்டார். கல்யாண வீட்டுக்கு மைக்செட் வந்தால் பந்தியை மறந்து இசைத்தட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, அந்த வயலின் வருமே, அதை இன்னொருக்கா வையுங்க" என்பாள். கொழுந்துக்காட்டில் நிரை பிடித்து நிற்கும்போது அவள்தான் பாட்டை எடுப்பாள். மாரியம்மன் கொடைத் திருவிழாவில் முளைப்பாரிப் பாட்டுக்கும் அவள்தான் தலைவி. அவள் எடுக்கும் சுருதி அப்படியொரு உயரம். முளைப்பாரிப் பாட்டில் அம்மன் மலையேறி வரும் அடி ஒன்று உண்டு. அது வந்தால் மற்றப் பெண்கள் நாற்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த அடி மட்டும் சொர்ணம் ஒருத்திக்கு.

கட்டி நோய்தான் என்று முதலில் கண்டுபிடித்தது செல்வி. ஒரு நாள் மத்தியானம் ஓடிவந்து, "அம்மா, ஆச்சி தூங்கயில விசிலடிக்கா" என்றாள். போய்ப் பார்த்தேன். அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் சன்னமான சீழ்க்கையாக வந்தது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது. தலையணை இரண்டாகியிருந்தது. மேட்டில் ஏறும்போது நின்று நின்று ஏறினாள். ஒரே மூச்சில் போகிற அடியை இரண்டாக உடைத்துப் பாடினாள். அதுதான் எனக்குத் திக்கென்றது.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு கோட்டயத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குட்டிக்கானம் இறங்கி, முண்டக்கயம் தாண்டி, பஸ்ஸில் ஐந்து மணி நேரம். டோக்கன் வாங்க ஒரு வரிசை, சீட்டுப் போட ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. சர்ஜன் ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேசாதவர். கட்டியைத் தொட்டுப் பார்த்து, "எச்சில் முழுங்கு" என்றார். விழுங்கும்போது கட்டி மேலே போய்க் கீழே வந்தது. அதுவே அடையாளமாம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். யாருக்காவது உதவும். தொண்டைக்கு முன்னால் தைராய்டு என்று ஒரு சுரப்பி எல்லோருக்கும் இருக்கிறது. அது வேலை செய்ய அயோடின் என்கிற உப்புச்சத்து கொஞ்சம் வேண்டும். மழை அதிகமான மலைகளில் அந்தச் சத்து மண்ணிலிருந்து கழுவிப் போய்விடும். தண்ணீரிலும் காயிலும் இருக்காது. சுரப்பி என்ன செய்யும்? கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளப் பெரிதாகிக்கொண்டே போகும். அம்மாவுக்கு அது பெரிதாகி மூச்சுக்குழாயைப் பக்கவாட்டில் தள்ளியிருந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நேராக இறங்கவேண்டிய குழாய் எங்கள் மலைரோடு மாதிரி வளைந்து கிடந்தது. இப்படியே விட்டால் ஒரு நாள் மூச்சே அடைக்கும், ஆபரேஷன்தான் வழி என்றார். அடுத்த மாதம் இரண்டாம் திங்கட்கிழமை படுக்கை ஒதுக்கினார். தவறவிட்டால் மறுபடி கிடைக்க மூன்று மாதம் ஆகும்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "ஏட்டி, குரலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாத்தான் வருவேன். குரலைக் கொடுத்துட்டுத்தான் கழுத்தை நேராக்கணும்னா எனக்கு வேண்டாம். கட்டியோடயே கெடந்துட்டுப் போறேன்."

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். டாக்டரிடம் அதைக் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

இந்த நினைப்புதான் அடுத்த தவறுக்கும் காரணம். அந்த வருஷம் மாரியம்மன் கொடை வந்தது. முளைப்பாரிக்கு ஒரு வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவார்கள். இருட்டறையில் சட்டிகளில் பயறு முளைக்கும். தினம் சாயங்காலம் பெண்கள் சுற்றி நின்று பாடுவார்கள். எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை முளையைத் தூக்கிக்கொண்டு போய் ஓடையில் கரைப்பார்கள். அம்மா, "எனக்கு மூச்சு இல்ல, வேற யாராவது எடுங்க" என்று சொல்லிவிட்டு லயத்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பாடினால் தெம்பு வரும், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நானே கோயிலில் பேர் கொடுத்தேன். அவளை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினேன். வழக்கப்படி முதல் காப்பு தலைவிக்கு. மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றை அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டினார் மாடசாமி. பழைய கங்காணி. கோயிலுக்கு அவர்தான் பெரியவர்.

வீட்டுக்குப் பெருமையாக வந்தேன். என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். காப்பியை வாங்கிக்கொண்டு கேட்டார்: "திங்கக்கிழமை கோட்டயம் போகணும்லா? காப்புக் கட்டுனவுக எல்லை தாண்டலாமா?"

டாக்டர் கொடுத்தது காலண்டர் தேதி, கோயில் கணக்கு அமாவாசை பார்த்து. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க இந்த டீச்சருக்குத் தோன்றவில்லை. காப்புக் கட்டினால் எட்டு நாளும் எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொடை தீட்டுப்படும், ஊருக்கு ஆகாது. இதை மாற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. எல்லைக்கு வெளியே ஒரு சாவு விழுந்தால்கூடக் காப்புக் கட்டியவர்கள் போகமாட்டார்கள்.

மறுநாள் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாடசாமி முன்னால் போய் நின்றேன். தப்பு என்மேல்தான் என்று சொல்லி அழுதேன். அவருக்கும் சங்கடம்தான். "நான் என்ன செய்ய, பாக்கியம்? அவுத்தாலும் குத்தம், தாண்டுனாலும் குத்தம். டாக்டர்கிட்ட நாள் மாத்திக் கேளு" என்றார். மூன்று மாதம் என்றேன்.

அதுவரை வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, இந்த ஆத்தா இந்த மலைக்கு எப்படி வந்தா?"

"உனக்குத் தெரியாதா? உங்க அய்யாவும் எங்க அய்யாவும் ஊர்க் கோயில்லருந்து பிடிமண் எடுத்துட்டு வந்தாக."

"ஒரு பிடி மண்ணு. எங்க அய்யா வேட்டியில முடிஞ்சுக்கிட்டு வந்தாரு. நான் கூடவே நடந்து வந்தேன். தேனி தாண்டி, கம்பம் தாண்டி, குமுளி தாண்டி வந்தா. அவளுக்கு எல்லை இல்லையே. ஒரு பிடிமண்ணுல மலையேறத் தெரிஞ்சவளுக்கு, ஒரு பிடிமண்ணுல கோட்டயத்துக்கு இறங்கத் தெரியாதா?"

மாடசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலுக்குள் போனார். பீடத்தின் அடியில் தானே குனிந்து ஒரு பிடி மண் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, என் கையில் தராமல் அம்மாவின் கையில் கொடுத்தார். "அவ எங்க இருக்காளோ அதான் எல்லை. ஆனா ஒண்ணு சொர்ணம், கவுச்சி தொடக் கூடாது. தினம் பாட்டும் விடக் கூடாது. ஒரு அடியாவது பாடிரணும்."

"அதை நீங்க சொல்லணுமா?" என்றாள் அம்மா.

இப்படித்தான் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் ஒரு தூக்குவாளிக்குள் உட்கார்ந்து கோட்டயம் பஸ் ஏறினாள். டிக்கெட் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் எடுத்தோம்.

பெண்கள் வார்டில் பன்னிரண்டாம் நம்பர் கட்டில். ஏலியாம்மா என்று ஒரு சிஸ்டர் இருந்தார். முண்டக்கயத்துக்காரர், எஸ்டேட் தமிழ் கொஞ்சம் பேசுவார். தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதெந்தா, மண்ணோ?" என்றார். நான் ஏதோ நாட்டு மருந்து என்று மழுப்பப் போனேன். அம்மா முந்திக்கொண்டு, "எங்க ஆத்தா" என்றாள். சிஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். அலமாரியைத் திறந்து அடித்தட்டில் தானே வாளியை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். "பெரிய டாக்டர் கண்ணுல மண்ணு படாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஐந்தரை ஆனால் அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அலமாரியைப் பார்த்து நாலு அடி பாடுவாள். மூச்சு இல்லாததால் முணுமுணுப்புதான். முதல் நாள் பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் ஐந்தரைக்கு அவர்களே, "அம்மச்சி, துடங்கிக்கோ" என்றார்கள். எங்கள் பஸ் கண்டக்டர் தினம் வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். சுக்குப்பொடி, அவித்த கப்பைக்கிழங்கு, ஒரு தடவை செல்வியின் கடிதம். "ஆச்சி, முளை ஒரு சாண் வந்துவிட்டது. பாட்டுதான் நன்றாக இல்லை. சீக்கிரம் வா." அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சுக்கு ஒரு சோதனை. புதன்கிழமை தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். அம்மாவின் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைத் தீயில் காட்டிச் சூடாக்கித் தொண்டைக்குள் விட்டார். வாய் ஆவி படியாமல் இருக்கத்தான் சூடு. "ஈ சொல்லு" என்றார். குரல் நாண் என்று இரண்டு சவ்வுகள் தொண்டைக்குள் இருக்கின்றன. பேசும்போது அவை ஒன்றையொன்று நெருங்கும். இரண்டும் சரியாக அசைகின்றனவா என்று ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிடுவார்களாம். அம்மாவுக்கு இரண்டும் நன்றாக அசைந்தன. வெளியே வந்ததும், "அவன் ஈ கேட்டான், நான் நல்ல சுருதியில கொடுத்தேன்" என்றாள்.

அன்று மத்தியானம் சர்ஜன் கட்டில் அருகே வந்து மலையாளத்தில் எனக்கு விளக்கினார். மூச்சுக்குழாய் வளைந்திருப்பதால் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விடுவது ஆபத்து. கழுத்தை மட்டும் ஊசியால் மரத்துப்போகச் செய்வார்கள். ஆள் விழித்திருப்பாள், பேசிக்கொண்டே இருக்கவேண்டும். ஏனென்றால் குரல் நாண்களை அசைக்கும் நரம்பு சுரப்பிக்குப் பின்னாலேயே ஓடுகிறது, நூல் அளவு. பேச்சு மாறினால் அவர் கை நின்றுவிடும். "எந்நாலும் சப்தம் போகான் சாத்யதையுண்டு," என்றார். எவ்வளவு கவனமாக இருந்தாலும் குரல் போக வாய்ப்பு உண்டு. பாட்டுக்காரி என்று சிஸ்டர் சொன்னார், அதனால் முன்பே சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லிச் சம்மதம் வாங்கு என்றார்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி சொல்லுதாரு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் வளைந்ததைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன், விழித்திருப்பதைச் சொன்னேன். தூங்கிவிடாமல் இருக்கத்தான் பேசச் சொல்கிறார் என்று சொன்னேன். கடைசியைச் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள், மூன்று மாதத்துக்குள் ஒரு மத்தியானம் அந்தச் சீழ்க்கை நின்றுபோகும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவளுடைய குரலை அவளைக் கேட்காமலே நான் பணயம் வைத்தேன்.

சம்மதக் கடுதாசியைப் பிடித்திருந்த என் கையையே அம்மா பார்த்தாள். பிறகு கட்டைவிரலை நீட்டினாள். மையைத் தொட்டுக் கடுதாசியில் வைத்தேன். விரலைப் பிடித்த என் கைதான் நடுங்கியது.

வெள்ளிக்கிழமை காலை. ஊரில் முளைப்பாரி தூக்கும் நாள். தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் கம்மலையும் வளையலையும் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். காப்பையும் வெட்டவேண்டும் என்றார் தியேட்டர் நர்ஸ். அம்மா கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இதை வெட்டணும்னா என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்க." சர்ஜன் வந்து பார்த்தார். ஏலியாம்மா சிஸ்டர் அவர் காதில் என்னவோ சொன்னார். "அதின்மேல் ஒரு கட்டுப் போடு, மதி" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். மதி என்றால் போதும் என்று அர்த்தம். வெள்ளைத் துணியால் காப்பின் மேல் கட்டுப் போட்டார்கள். பேச்சுத்துணைக்கு ஏலியாம்மா சிஸ்டரும் கூடப் போனார். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணாத எண்ணமெல்லாம் எண்ணினேன். அம்மா ஊமையாக வெளியே வந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எனக்கே பிடிக்கவில்லை.

உள்ளே நடந்ததைச் சிஸ்டர் பிறகு சொன்னார். பேசச் சொன்னதும் அம்மா, "என்னத்தைப் பேச? இங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்றாளாம். ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். இருபதோடு நிறுத்திவிட்டு, "அய்யா, பாடலாமா?" என்று கேட்டாளாம். கழுத்து அசையாமல் மெதுவாகப் பாடு என்றார் சர்ஜன். அவ்வளவுதான், முளைப்பாரிப் பாட்டை முதலிலிருந்து எடுத்துவிட்டாள்.

*முடிஞ்ச துணி அவிழ முன்னே மூணு மலை தாண்டி வந்தா*
*குடிசை நாலு கண்டாளம்மா குந்த இடம் கேட்டாளம்மா*

சர்ஜன் தலையை ஆட்டியபடியே வேலை செய்தாராம். வலப்பக்கம் முழுவதும் எடுத்தாகிவிட்டது. இடப்பக்கம் மேல்முனைக்கு வந்தபோது பாட்டு அந்த உயரமான அடிக்கு வந்தது. அம்மா ஏறினாள். பாதியில் குரல் இல்லை, வெறும் காற்று. சர்ஜனின் கை அப்படியே நின்றது. "அம்மே, பேர் பறை" என்றார். "சொர்ணம்" என்றாள் அம்மா, கணீரென்று. அவர் மூச்சு விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டதாம். மறுபடி வேலையைத் தொடர்ந்தார். அம்மாவும் பாட்டைத் தொடர்ந்தாள், அந்த அடியைத் தாண்டிக் கீழே இருக்கிற அடியிலிருந்து.

வெளியே வந்து சர்ஜன் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். பேச்சுக்கான பெரிய நரம்பு இரண்டு பக்கமும் பத்திரம். ஆனால் உச்சத்தில் பாட நாணை இழுத்துப் பிடிக்க இன்னொரு பொடி நரம்பு உண்டு. இடப்பக்கம் அது கட்டியோடு பின்னிக் கிடந்தது, பிரிக்க முடியவில்லை. பேச்சு இருக்கும், தாழ்ந்த பாட்டு இருக்கும். உயரம் திரும்பி வராது.

கழுத்தில் கட்டும் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயுமாக அம்மாவைக் கொண்டுவந்தார்கள். என்னைக் கண்டதும், "இன்னைக்கி முளை தூக்குற நாளு, சாயங்காலம் முடியுமோ என்னமோன்னு காலையிலயே பாடிட்டேன்" என்றாள். பிறகு, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னாரும்மா" என்றேன். இரண்டாவது தடவையாக மறைத்தேன்.

மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிறது என்றாள். நான் பயந்து ஓடினேன். சுரப்பிக்குப் பக்கத்தில் பயறு அளவில் வேறு நாலு சுரப்பிகள் ஒட்டியிருக்குமாம், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பது அவை. ஆபரேஷனில் அவை கொஞ்சம் அதிர்ந்தால் இப்படி ஊரும். கால்சியம் ஊசி போட்டதும் நின்றது. மூச்சில் சீழ்க்கை இல்லை. தலையணை ஒன்றாகிவிட்டது. நிம்மதியாக இருந்திருக்கவேண்டும் நான்.

ஐந்தாம் நாள், தையல் பிரித்த பிறகு, என் முன்னாலேயே அந்த அடியைப் பாடிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை எடுத்தாள். மறுபடி காற்று. பக்கத்துக் கட்டில்காரிகள் வேறு பக்கம் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தூக்குவாளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். "கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள். கொடுத்தேன். முழுவதும் குடித்தாள்.

ஊருக்கு வந்ததும் பிடிமண்ணைப் பீடத்தடியில் போட்டார் மாடசாமி. காப்பை அவிழ்த்தார். கொடை ஒரு குறையும் இல்லாமல் நடந்ததாம். அம்மா மறுபடி கூடை தூக்கினாள், மேடு ஏறினாள். நிரையில் மட்டும் பாட்டை எடுக்கவில்லை. மற்றவர்கள் பாடும்போது கூட முணுமுணுப்பாள். ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் போவதும் நின்றுவிட்டது. ஒரு வருஷம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் அந்த வருஷத்தைப் போல நான் எதையும் வெறுத்ததில்லை. அவளைப் பிழைக்கவைத்துவிட்டோம் என்று ஊரே என்னைப் பாராட்டியது.

மறுவருஷம் கொடைக்கு நாள் குறித்ததும் பெண்கள் லயத்து வாசலுக்கு வந்தார்கள். தலைவி யார் என்று கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏன் முழிக்கிய? நான்தான் எடுப்பேன். என்ன, நீங்கல்லாம் எனக்குத் தோதா எறங்கி வரணும்" என்றாள்.

முதல் சாயங்காலம் சிரிப்பாகிவிட்டது. அம்மா தாழ எடுத்தாள். நாற்பது பேரும் வருஷக்கணக்கான பழக்கத்தில் மேலே போய் நின்றார்கள். நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். பாதிப் பேர் இறங்கினார்கள், பாதிப் பேர் அந்தரத்தில் நின்றார்கள். "மேட்டுலருந்து எறங்குங்கட்டி, விழுந்துரப் போறிய!" என்று கத்தினாள். மூன்றாவது தடவை எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பாட்டு போயிற்று. அம்மன் மலையேறும் அடி வந்தது. பெண்கள் வழக்கம்போல வாயை மூடப் போனவர்கள், மூடவேண்டிய அவசியமில்லை என்று கண்டுகொண்டார்கள். அந்தச் சுருதியில் அது எல்லோருக்கும் எட்டியது. நாற்பது பேரும் பாடினார்கள். செல்வியும் பாடினாள். அம்மா கைதட்டுவதைக்கூட விட்டுவிட்டு நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "அந்த அடியை நான் ஒரு நாளும் கேட்டதில்லட்டி. எப்பவும் நானேல்லா பாடிட்டு இருந்தேன்" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் பாடினாள். கடைசி வருஷத்தில் நெஞ்சு பலவீனமாகி வேலையை விட்டு வீட்டோடு இருந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் அவளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். முகம் எதிரில் இல்லாதது எனக்குத் தைரியமாக இருந்தது.

"அம்மா, அன்னைக்கி ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னதுல ஒண்ணை நான் சொல்லாம விட்டுட்டேன்."

"குரல் போயிரும்னு சொன்னாரே, அதா?"

என் கை நின்றுவிட்டது.

"நாப்பது வருஷம் மலையாளத்துல ஏச்சு வாங்குனவ நான். சூப்பர்வைசர் ஏசுனது புரியும், டாக்டர் சொல்றது புரியாதா? கூட ஒரு டீச்சர் இருக்காளேன்னு உன்னைக் கேட்டேன்."

"பொறவு ஏம்மா விரலை நீட்டுன? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

அம்மா துண்டை என் கையிலிருந்து வாங்கித் தானே தலையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஒரு எழுத்து விடாம ஒப்பிக்கிறவ. சின்னப்பிள்ளையிலருந்தே அப்படித்தான், பொய் சொல்லத் தெரியாது. நீயே ஒண்ணை முழுங்கிட்டுச் சொல்லுத, கை வேற நடுங்குது. இவளுக்கு நான் அம்புட்டு வேணுமான்னு நெனச்சேன். அதைத் தெரிஞ்சுக்கிட்ட பொறவு எப்படிட்டி எந்திரிச்சுப் போக?"

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை அடக்குகிறவள். அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதேன். அன்றைக்கு அவள் உலையைப் பார்க்கச் சொல்லவில்லை.